ஒரே அச்சில் ஆயிரம் திரைகள்

எவ்வளவு பெரிய பிசினஸ் சாஃப்ட்வேரைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே இருப்பது நாலைந்து வகைத் திரைகள்தான். வரிசையாகப் பலவற்றைக் காட்டும் பட்டியல் ஒன்று. அதில் ஒன்றைத் தொட்டால் அதன் முழு விவரமும் விரியும் பக்கம் ஒன்று. புதிதாக என்ட்ரி போடும் படிவம், ஒப்புதலுக்குக் காத்திருப்பவற்றின் வரிசை, மேலாளர் காலையில் வந்ததும் பார்க்கும் தொகுப்பு. கொள்முதலோ சம்பளமோ வங்கிக் கடனோ மருத்துவமனை பில்லோ, உள்ளே ஓடும் சரக்குதான் மாறும். இந்த நாலைந்தையும் ஒருமுறை சரியாக வடிவமைத்துவிட்டு, ஆயிரம் திரைகளையும் அவற்றிலிருந்தே பிறக்க வைப்பது ஒரு தனித் தொழில். திரையின் மூலையில் பெயர் போட்டுக்கொள்ளாத தொழில்.

கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு எஸ்ஏபி என்ற பிசினஸ் சாஃப்ட்வேரின் திரைகளை வடிவமைக்கும் பெண்மணி ஒருவர் இதில் நெடுங்காலமாக இருக்கிறார். கணினி படித்து, புரோகிராமராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு வடிவமைப்புப் பக்கம் நகர்ந்தவர். டீமில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் நிறம், எழுத்துரு, பட்டனின் வளைந்த மூலை என்று தொடங்கும்போது அதையெல்லாம் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்வார். டெம்ப்ளேட் என்பது அடுத்தவருக்காக முன்கூட்டியே எடுத்துவைக்கும் முடிவுகள் என்பது அவருடைய கட்சி. கர்சர் முதலில் எந்த ஃபீல்டில் நிற்க வேண்டும், டேப் தட்டினால் எங்கே போக வேண்டும், பாதியில் எழுந்து போனால் அதுவரை அடித்தது என்ன ஆகும், தப்பு நேர்ந்தால் யாருக்கு எப்படித் தெரியும் என்பதையெல்லாம் ஒருவர் ஓரிடத்தில் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். அவர் முகத்தையே பார்த்திராத பல நூறு பேர் நாள் முழுக்க அதற்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறார்கள். அந்தப் பொறுப்புதான் அவருக்குப் பெரிது.

வலைத்தளங்கள் வந்த பிறகுதான் இந்த வேலை பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட மூத்தது. ஐபிஎம் 1971-ல் கொண்டுவந்த 3270 டெர்மினலின் வழக்கமான திரை 24 வரி, வரிக்கு 80 எழுத்து. ஃபீல்டுகளை நிரப்பி என்டர் தட்டினால்தான் மொத்தமும் மெயின்ஃபிரேமுக்குப் போகும். அந்தச் சின்ன இடத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது. 1987-ல் ஐபிஎம் 'காமன் யூஸர் ஆக்சஸ்' என்ற பெயரில் அந்த ஒழுங்கை விதிகளாகவே வெளியிட்டது. எஃப்1 உதவி, எஃப்3 வெளியேறு, எஃப்12 ரத்து. 1992-ல் வந்த எஸ்ஏபி ஆர்/3-யில் எஃப்3 தட்டினால் முந்தைய திரைக்குப் போகலாம். எஃப்4 தட்டினால் அந்த ஃபீல்டில் போடக்கூடியவற்றின் பட்டியல் வரும். மவுஸைத் தொடாமலே ஒருவர் அரை நாள் வேலையை முடித்துவிட முடிந்தது.

அதே 1987-ல் இன்னொன்றும் நடந்தது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் தன் குழுவோடு எழுதி 1977-ல் வெளிவந்த 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' நூல், ஊரின் அமைப்பு முதல் ஜன்னலோர இருக்கை வரை 253 வடிவங்களைத் தொகுத்திருந்தது. சாஃப்ட்வேர் வல்லுநர்கள் கென்ட் பெக், வார்டு கன்னிங்ஹாம் இருவரும் அந்த யோசனையை சாஃப்ட்வேருக்குக் கொண்டுவந்தபோது, முதலில் பயன்படுத்தியது திரை வடிவமைப்பில்தான். புரோகிராமர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, திரை எந்த வேலைக்கோ அந்த வேலையில் ஊறியவர்களிடம் ஐந்தே ஐந்து விதிகளைக் கொடுத்துத் திரையை வடிவமைக்கச் சொன்னார்கள். ஒரு வேலைக்கு ஒரு விண்டோ, அதற்குள் குறைவான பகுதிகள், பகுதிகள் ஏற்கெனவே தெரிந்த வகையாக இருக்கட்டும், இப்படியான விதிகள். பிற்காலத்தில் வெப் டிசைனர் பிராட் ஃபிராஸ்ட் அணு, மூலக்கூறு, உயிரி, டெம்ப்ளேட், பக்கம் என்று அடுக்கிய 'அட்டாமிக் டிசைன்' முறை டிசைனர்களிடையே வேகமாகப் பரவியது. அதற்கான புத்தகம் 2016-ல் வந்தது. கோவை வடிவமைப்பாளர் அதைப் படித்திருக்கிறார், பயன்படுத்தவும் செய்கிறார். ஆனால் அவர் மனசுக்கு நெருக்கமானது அந்த ஐந்து விதிகளின் கதைதான். வேலை தெரிந்தவர் கையில் விதியைக் கொடுத்தால் திரை தேறிவிடும் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

எஸ்ஏபி 2013 மே மாதம் 'ஃபியோரி' என்ற பெயரில் 25 சிறு செயலிகளை வெளியிட்டது. முதலில் அதற்குத் தனிக் கட்டணம் வைத்தார்கள். வாடிக்கையாளர்கள் முனகியதும் 2014 ஜூனில் லைசென்ஸோடு சேர்த்துவிட்டார்கள். செயலிகள் பெருகப் பெருக, ஒவ்வொரு திரையையும் கையால் எழுதிக் கட்டுப்படியாகாது என்பது தெளிவானது. 'ஸ்மார்ட் டெம்ப்ளேட்' என்று தொடங்கி 'ஃபியோரி எலிமென்ட்ஸ்' என்று பெயர் மாறிய முறை அப்படி வந்ததுதான். லிஸ்ட் ரிப்போர்ட், ஒர்க்லிஸ்ட், ஆப்ஜெக்ட் பேஜ், ஓவர்வியூ பேஜ், அனலிட்டிகல் லிஸ்ட் பேஜ் என ஐந்து அச்சுகள். இந்த முறையில் புரோகிராமர் திரையை வரைவதில்லை. டேட்டாவின் பக்கத்திலேயே குறிப்பு எழுதுகிறார். இந்த ஃபீல்டு பட்டியலில் முதல் நெடுவரிசை, இது தேடுவதற்கு, இது தலைப்பில் வரட்டும், இது போனில் பார்க்கும்போது மறைந்தாலும் பரவாயில்லை. குறிப்புகளைப் படித்து அச்சு தானே திரையைக் கட்டிக்கொள்கிறது. அச்சில் ஒரு குறையை நீக்கினால் அதிலிருந்து பிறந்த அத்தனை திரையிலும் நீங்கும். அச்சில் ஒரு குறை புகுந்தால் அத்தனையிலும் புகும்.

அந்த அச்சுகளின் மேல் தன் நிறுவனத்துக்கான டெம்ப்ளேட்டைப் போடுவதற்கு முன் கோவை வடிவமைப்பாளர் போய் உட்கார்ந்த இடம் ஸ்டோர்ஸ். சரக்கு வந்து இறங்கும் பக்கம். அங்கே ஜிஆர்என் என்ற சரக்கு வரவுப் பதிவைப் போடும் பெரியவர் இடது கையில் சப்ளையரின் டெலிவரி சலானைப் பிடித்திருப்பார். கட்டை விரல் வரிக்கு அடியில் நகர்ந்துகொண்டே இருக்கும். வலது கை நம்பர் பேடில். திரையை அவர் ஏறிட்டுப் பார்ப்பதே அபூர்வம்.

"ஸ்கிரீனைப் பார்க்காம எப்படிங்கண்ணா அடிக்கறீங்க?"

"கண்ணு சலான்ல இருக்கோணும் அம்மணி. கையி தானா போகும். நடுவுல எதாவது வந்து குதிச்சாத்தான் வம்பு."

குதித்தது ஒரு பாப்அப். ஆர்டர் நம்பரை அடித்ததும், அந்த ஆர்டரில் பாதிச் சரக்கு முன்பே வந்துவிட்டது என்று சொல்ல ஒரு சின்னக் கட்டம் திரையின் நடுவில் எழும். தகவல் சரியானதுதான். ஆனால் அவர் கண் சலானில். அடுத்து அவர் அடித்த எண்கள் எங்கும் பதிவாகவில்லை. தட்டிய என்டர் பாப்அப்பை மூடிவிட்டது. அளவு ஃபீல்டு காலியாக நிற்க, கை அடுத்த வரிக்குப் போய்விட்டது. இரண்டு வரி தாண்டிய பிறகு நிமிர்ந்து பார்த்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். சலித்துக்கொள்ளவில்லை. அது அவருக்குப் பழகிப்போயிருந்தது. அந்தப் பழக்கம்தான் வடிவமைப்பாளருக்குப் பொறுக்கவில்லை.

என்ட்ரி டெம்ப்ளேட்டின் முதல் விதி அங்கிருந்து வந்தது. ஆள் அடித்துக்கொண்டிருக்கும்போது திரை குறுக்கே வரக்கூடாது. சொல்ல வேண்டியதெல்லாம் அடிப்பட்டையில் எண்ணிக்கையோடு சேர்ந்து காத்திருக்கும். நிமிர்ந்து பார்க்கும்போது தொட்டால், எந்த வரியில் என்ன என்று விரியும். செய்தியைத் தொட்டால் கர்சர் அந்த ஃபீல்டிலேயே போய் நிற்கும். இரண்டாவது விதி, ஃபீல்டுகளின் வரிசை கையில் இருக்கும் காகிதத்தின் வரிசையைப் பின்பற்ற வேண்டும். டேட்டாபேஸின் வரிசைக்கு இங்கே வேலையில்லை. எந்த ஆலை, எந்தக் கிடங்கு என்பதெல்லாம் லாகின் செய்தவரை வைத்தே தெரியும்; அவரை ஏன் மறுபடி கேட்க வேண்டும்? அந்த இரண்டு ஃபீல்டும் நிரம்பிய நிலையிலேயே திறக்கும், டேப் அவற்றைத் தாண்டிப் போகும். கணக்குப் பிரிவில் டேலியில் ஊறிய கைகள் நிறைய. எஃப்5 என்றால் பேமெண்ட், எஃப்8 என்றால் சேல்ஸ் என்று விரல்களுக்கே தெரிந்தவர்கள். அவர்களிடம் போய், மவுஸால் மூன்று இடத்தைக் கிளிக் செய்யுங்கள், புதிய திரை பார்க்க நன்றாக இருக்கிறது என்று சொல்வது அவர்கள் திறமையை மதிக்காத பேச்சு. எனவே டெம்ப்ளேட்டில் உள்ள ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கீ கட்டாயம், எல்லாத் திரையிலும் அதே கீ.

சரியான அச்சைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. லிஸ்ட் ரிப்போர்ட் தேடுகிறவருக்கானது. மேலே வடிகட்டும் ஃபீல்டுகள். அவற்றை நிரப்பி 'கோ' பட்டனைத் தட்டும்வரை கீழே அட்டவணை பொதுவாகக் காலியாகத்தான் இருக்கும். ஒர்க்லிஸ்ட் முடிக்க வேண்டிய வேலை உள்ளவருக்கானது. திறந்தவுடன் அவருக்குரியது கண்ணில் படும். ஒப்புதல் கொடுக்கும் அதிகாரிக்கு லிஸ்ட் ரிப்போர்ட்டைக் கொடுத்தால், காலையில் திறப்பார், காலி அட்டவணையைப் பார்ப்பார், இன்றைக்கு எதுவும் இல்லை என்று மூடிவிடுவார். சப்ளையருக்குப் போகவேண்டிய பணம் அங்கே தூங்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி அட்டவணைதான். லிஸ்ட் ரிப்போர்ட்டில் வசதிகள் அதிகம் என்பதற்காகவே எல்லாவற்றுக்கும் அதைப் போட்டுவிடும் பழக்கம் இந்தத் துறையில் இருக்கிறது. வேலை தேடுவதா, முடிப்பதா என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பார் அவர்.

டெம்ப்ளேட் எதற்கு, அவசரத்துக்கு நாலு திரையை எழுதிக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு அவர் எடுத்துக்காட்டுவது 2017 ஜூலை 1. அன்று ஜிஎஸ்டி வந்தது. அதுவரை வாட் வரிக்கான டின் எண் 11 இலக்கம். ஜிஎஸ்டி எண் 15 இடம், அதில் எழுத்தும் கலந்து வரும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். பிறகு அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது, பெரும்பாலும் இசட் என்ற எழுத்து, கடைசியில் சரிபார்க்கும் ஓர் இடம். திரை திரையாகக் கையால் எழுதி வைத்திருந்த நிறுவனங்களில் அந்த 11 இடக் கட்டம் சேல்ஸ் ஆர்டரில், பில்லில், சப்ளையர் மாஸ்டரில், ரிட்டர்ன் நோட்டில் என்று எங்கெங்கோ சிதறிக் கிடந்தது. ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து நீட்ட வேண்டியிருந்தது. 'வரி எண்' என்று ஒரே ஃபீல்டைச் செய்து எல்லாத் திரையும் அதையே அழைக்கும்படி வைத்திருந்தவர்கள் ஓரிடத்தில் மாற்றினார்கள்.

மாற்றியதோடு நிற்கவும் இல்லை. எண்ணை அடித்து முடித்தவுடன் அந்த ஃபீல்டே முதல் இரண்டு இலக்கத்தைப் படித்து மாநிலத்தை எழுதிவிடும். கடைசி இடத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து, எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே சொல்லும். சரக்கு போய்ச்சேரும் மாநிலத்தையும் விற்பவரின் மாநிலத்தையும் ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு வரியையும், வேறாக இருந்தால் ஐஜிஎஸ்டி ஒன்றையும் திரையில் விரிக்கும். ஒரு ஃபீல்டுக்குள் ஒரு சட்டத்தின் சாரத்தையே வைத்துவிடலாம். இந்தத் தொழிலில் கோவை வடிவமைப்பாளருக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்; இதைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறிவிடும்.

வெளிநாட்டில் பிறந்த அச்சு நம் ஊர் ஆட்களின் பெயரிலும் இடறும். 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று ஒரு சிவப்பு நட்சத்திரம் இருக்கும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு. அதனால் ஊழியர் பட்டியலில் ஒருவர் முன்னால் இனிஷியல் வைத்திருப்பார், ஒருவர் பின்னால், இன்னொருவர் ஒரு புள்ளியை மட்டும் வைத்துச் சமாளித்திருப்பார். பிறகு பிஎஃப் கணக்கோடும் வங்கிக் கணக்கோடும் பெயர் பொருந்தாமல் அந்த ஊழியர் அலைவார். வடிவமைப்பாளரின் டெம்ப்ளேட்டில் பெயர் என்பது ஒரே நீளமான ஃபீல்டு. ஆவணத்தில் இருக்கிறபடி முழுப்பெயர். கூப்பிடும் பெயர் தனியாக, விருப்பப்பட்டால். தொகையை 10,000,000 என்று காட்டினால் கணக்கர் ஒரு நொடி தடுமாறுவார். 1,00,00,000 என்றால் பார்த்தவுடன் கோடி. இதற்கான விதி யூனிகோடு அமைப்பின் வட்டாரத் தரவிலேயே இருக்கிறது, டெம்ப்ளேட் அதைக் கேட்டு வாங்கினால் போதும். தமிழ் லேபிள் போடும்போது வரியின் உயரத்தைக் கூட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் மேலே சுழியும் கீழே கொக்கியும் வெட்டுப்படும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது இணைய அணுகல் விதி. ஸ்டோர்ஸில் தூசி படிந்த மானிட்டரில், மதிய வெயில் ஷட்டர் வழியாக அடிக்கும்போது, அதுவும் பற்றாது.

எல்லாவற்றையும்விட அவர் அதிகம் கவலைப்படுவது 'தொடரலாமா?' என்று கேட்கும் அந்தச் சின்னக் கட்டத்தைப் பற்றி. அதற்குக் காரணம் உலகறிந்த ஒரு வழக்கு. 2020 ஆகஸ்ட் 11 அன்று, ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சிட்டிபேங்க் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. சுமார் 78 லட்சம் டாலர். அன்று கூடவே போனது ஏறத்தாழ 89 கோடி டாலர், வங்கியின் சொந்தப் பணம். அசலை வங்கிக்குள்ளேயே இருக்கும் ஓர் இடைக்கணக்குக்குத் திருப்ப, ஃபிளெக்ஸ்கியூப் என்ற மென்பொருளில் பிரின்சிபல், ஃபிரன்ட், ஃபண்ட் என மூன்று கட்டங்களிலும் குறியிட்டு அந்தக் கணக்கு எண்ணைப் போட வேண்டும். பிரின்சிபல் என்பதில் மட்டும் போட்டார்கள். அசலுக்கு அதுதான் என்று யாருக்கும் தோன்றும். பதிவு செய்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர் என மூன்று பேர் பார்த்தும் தெரியவில்லை. முதல் இருவரும் இந்தியாவில் இருந்த ஒப்பந்த நிறுவன ஊழியர்கள். பணம் வங்கிக்கு வெளியே போகும், தொடரலாமா என்று திரை கேட்கத்தான் செய்தது. எவ்வளவு பணம் என்று அது சொல்லவில்லை. ஏறக்குறைய 50 கோடி டாலரைத் திருப்பித் தர மறுத்தவர்களோடு நடந்த வழக்கில் 2021 பிப்ரவரியில் வங்கி தோற்றது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அந்தத் தீர்ப்பு மாறியது.

அந்த மூன்று பேரைக் குறைசொல்ல அவருக்கு மனம் வருவதில்லை. வட்டி அனுப்பும்போதும் பணம் வெளியேதான் போகிறது. எனவே அந்தக் கேள்விக்கு அன்றைக்கும் 'ஆம்' என்பதுதான் இயல்பான பதில். அவருடைய டெம்ப்ளேட்டில் உறுதிப்படுத்தும் கட்டத்துக்கு மூன்று காலி இடங்கள் உண்டு: என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு, யாருக்கு. மூன்றையும் நிரப்பாமல் புரோகிராமர் அந்தக் கட்டத்தைப் பயன்படுத்தவே முடியாது; பில்ட் நின்றுவிடும். பட்டனில் 'ஆம்' என்ற சொல்லுக்கும் இடமில்லை. 'ரூ. 4,50,000 அனுப்பு' என்றுதான் வரும். பணமோ சரக்கோ கைமாறாத இடத்தில் கட்டமே வரக்கூடாது. மாறாக, செய்ததைத் திரும்பப்பெறும் வசதி சில நொடிகள் இருக்கும். தேவையில்லாத இடத்தில் கேட்டுக்கேட்டுக் கையைப் பழக்கிவிட்டு, தேவையான இடத்தில் யோசிக்கச் சொன்னால் எப்படி?

டெம்ப்ளேட் வந்துவிட்டது என்று அறிவித்த அடுத்த வாரமே எல்லாத் துறையும் வந்து நிற்கும். எங்கள் டிபார்ட்மென்ட் மட்டும் வேறு மாதிரி என்பார்கள். சில சமயம் அது உண்மை. எந்த இடம் பூட்டப்பட்டது, எந்த இடம் திறந்தது என்ற பங்கீடுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி. எல்லாவற்றையும் திறந்துவைத்தால் டெம்ப்ளேட்டுக்கு அர்த்தமில்லை; எல்லாவற்றையும் பூட்டினால் ஆட்கள் அதைப் பிரதியெடுத்து, தொடர்பை அறுத்துக்கொண்டு, தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியில் இதற்கு 'டிடாச்' என்று ஒரு கட்டளையே இருக்கிறது. அறுபட்ட பிரதிக்கு அச்சில் செய்யும் எந்தத் திருத்தமும் போய்ச்சேராது. அதனால் அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஒரு துறை மட்டும் கேட்டால் அந்தத் திரையில் அனுமதி, காரணத்தை எழுதிவைத்து. இரண்டாவது துறையும் கேட்டால் கவனிக்கத் தொடங்குவார். மூன்றாவதும் அதையே கேட்டால் அது டெம்ப்ளேட்டில் ஒரு காலி இடமாக ஏறும். பேட்ச் எண் போடும் பகுதி அப்படி ஏறியதுதான். தரக்கட்டுப்பாடு முதலில் கேட்டது, பிறகு ஸ்டோர்ஸ், பிறகு சர்வீஸ் பிரிவு.

அவ்வப்போது அறுபட்ட திரைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு அவற்றின் சொந்தக்காரர்களிடம் போய் உட்காருவார். பெரும்பாலானவை கொஞ்ச நேரப் பேச்சில் திரும்பி வந்துவிடும். டெம்ப்ளேட்டில் அந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. எடைமேடைத் திரையைத் திருப்பி அழைக்க மட்டும் அவர் முயன்றதில்லை. லாரி மேடையில் ஏறி நின்றதும், ஓட்டுநர் வண்டியிலிருந்து இறங்காமலே கண்ணாடிக்கு அப்பால் உள்ள அறையின் மானிட்டரில் எடையைப் படிக்க வேண்டும். திரையின் பாதியை ஒரே எண் அடைத்துக்கொண்டிருக்கும். கீழே வண்டி எண், காலி எடை, ஒரு பட்டன். மேலே மெனு இல்லை, தேடல் இல்லை, நிறுவனத்தின் லோகோவும் இல்லை. டெம்ப்ளேட்டிலிருந்து அது எடுத்துக்கொள்வது வண்டி எண் ஃபீல்டையும் உறுதிப்படுத்தும் கட்டத்தையும் மட்டும்தான். விதிவிலக்குப் பட்டியலில் அதற்கு எதிரே அவர் எழுதியிருக்கும் காரணம்: படிப்பவர் திரைக்கு முன்னால் இல்லை, லாரியில் இருக்கிறார்.